கூழ்ப் படிப்பு

‘கூழ்ப் படிப்பு’ என்ற சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை. 2025 வைகாசியில், நெதர்லாந்தின் லிம்பேர்க் மாகாணத்தில், ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்த பெரியவர் ஒருவர் அதைச் சொன்னார். எங்கள் விழாக்களில் முன்வரிசைக் கதிரை இவருக்கென்றே போடப்படுவது வழக்கம். பக்கத்து மேசையில் இருந்த ஒரு பிள்ளைக்கு மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று யாரோ சொல்ல, ‘டொக்டருக்கோ?’ என்று கேட்டார். இல்லை, இயற்கை விஞ்ஞானம், உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் எல்லாம் சேர்ந்த ஒரு பட்டப்படிப்பு, முழுக்க ஆங்கிலத்தில் என்று தகப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பெரியவர் சிரித்தார். ‘அப்ப உது கூழ்ப் படிப்பு. மீனும் கிடக்கும், நண்டும் கிடக்கும், பயித்தங்காயும் கிடக்கும். ஆனா ஒண்டும் உருப்படியா இராது. சரி, இங்கிலீசிலதானே படிக்கப்போறாள், நாளைக்கு லண்டனுக்குப் போக உதவும்.’

கூழை இளக்காரமாகப் பேசிய யாழ்ப்பாணத்தவர் ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். அதை விடுவோம். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தகப்பனும் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு கிழமை போகவில்லை, ‘மெடிசினுக்கு இந்தமுறை சரிவரேல்லை, அதுதான் சும்மா இருக்காமல் இதிலை போட்டிருக்கு’ என்று அவரே கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தப் பிள்ளை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

பிள்ளையின் பெயரை எழுதவில்லை. அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். தகப்பனிடம் கேட்கவில்லை.

முதலில் இது என்ன படிப்பென்று சொல்லிவிடுகிறேன். சிரித்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 1976இல் தொடங்கப்பட்டது. இந்த விஞ்ஞானப் பட்டப்படிப்பு அங்கே 2011இல் வந்தது. மூன்று வருடம், 180 கிரெடிற். ‘நீ பௌதிகம், நீ உயிரியல்’ என்று முதல்நாளே பிரித்து வரிசையில் விடுவதில்லை. மாணவி ஓர் ஆலோசகருடன் இருந்து, தான் எதை அறிய விரும்புகிறாள் என்பதைப் பார்த்து, அதற்கு வேண்டிய பாடங்களைத் தானே தெரிவுசெய்து அடுக்க வேண்டும். எட்டுக் கிழமை பாடங்கள், திரும்ப எட்டுக் கிழமை பாடங்கள், பிறகு நாலு கிழமை ஒரே ஒரு ஆய்வுவேலை. இடையிடையே ஆய்வுகூடம். விரிவுரைகள் உண்டு, ஆனால் படிப்பைத் தாங்குவது சிறு குழுக்கள்தான். பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி இருந்து ஒரு பிரச்சினையை எடுத்து, இதில் எங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பலகையில் எழுதுவார்கள். பிறகு போய்ப் படித்துவிட்டு வந்து ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்துவார்கள். படிப்பிக்கிறவர் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு இருப்பார். எங்களுடைய ரியூசன் கொட்டிலில் நடந்ததற்கு இது நேர் எதிர்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் வேலைசெய்யும் றெஸ்ரோறண்டின் குசினியில் கோப்பை கழுவ வருகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். அவர்களில் ஸ்பெயின்காரப் பெடியன் ஒருவன் இந்தப் படிப்பில் இரண்டாம் வருடம். ஆடி மாதம் தொடங்கினால் எங்களுக்கு மட்டிக் காலம். சீலாந்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொரு மட்டியாகத் தட்டிப் பார்த்து, மூடாததை எறிந்துவிட்டு, மூடுவதின் ‘தாடி’யைப் பிடித்து இழுத்துக் கழற்றுவது என் வேலை. அந்தத் தாடியை நான் ஏழு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவன் சொன்னான், இந்த நாரால்தான் மட்டி அலைக்குள் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீருக்குள் பெரும்பாலான பசைகள் ஒட்டாது, இது ஒட்டுகிறது. காரணம் இதிலுள்ள புரதத்தில் ‘டோபா’ என்ற ஓர் அமினோவமிலம். பார்க்கின்சன் வருத்தத்துக்குக் கொடுக்கிற மருந்தும் அதே பொருள்தான். இதைப் பார்த்து, வெட்டிய சதையை ஒட்டுகிற பசை செய்ய இரசாயனக்காரர், பௌதிகக்காரர், உயிரியல்காரர், சத்திரசிகிச்சை வைத்தியர் எல்லோரும் ஒரே மேசையில் இருக்கிறார்களாம். அன்றிரவு முழுக்க எனக்கு மட்டித் தாடி அருவருப்பாக இருக்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு விரிவுரை கேட்டதுபோல இருந்தது. கையில் கத்தியோடு.

‘இதெல்லாம் இப்ப வந்த புதுப் பஷன்’ என்றும் அந்த மேசையில் ஒருவர் சொன்னார். எங்கள் சொந்தச் சரித்திரம் எங்களுக்குத் தெரிந்திருக்கும் அழகு இது. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். கணிதம், வானசாஸ்திரம், இயற்கைத் தத்துவம் என்று அப்போது அழைக்கப்பட்ட பௌதிகம், தர்க்கம், அதோடு தமிழ், சமஸ்கிருதம், எல்லாம் ஒரே கூரையின்கீழ். விஞ்ஞானம் ஆங்கிலத்தில். அது மதம் பரப்ப வந்த பள்ளிக்கூடம், அதை நான் மறைக்கவில்லை. 1855இல் மூடப்பட்டதற்குப் பெடியள் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போகிறார்களே தவிர ஊழியத்துக்கு வருகிறார்கள் இல்லை என்ற கவலையும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கூழிலிருந்து வந்தவர்கள் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும். முன்னவர் தமிழில் வீசகணிதம் எழுதினார். பின்னவர் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். தாமோதரம்பிள்ளை ‘எந்த ஸ்ரீம்’ என்று எங்கள் பெரியவர் சொல்வாரோ தெரியாது.

பெரியவரின் வசனத்தில் எனக்கு முக்கியமானது கூழ் அல்ல, அதற்குப் பிறகு வந்த பாதி. ‘இங்கிலீசிலதானே.’ விஞ்ஞானத்துக்குச் சிரித்தவர் ஆங்கிலத்துக்குத் தலையாட்டினார். எம்மவரின் முழுக் கல்விக் கொள்கையும் இந்த ஒரு தலையாட்டலுக்குள் அடங்கும். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, டச்சு படித்து, பிரஜாவுரிமை எடுத்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு வீடு வாசலை விற்றுக்கொண்டு லண்டனுக்கும் லெஸ்ரருக்கும் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கேட்டால் ஒரே பதில்: ‘பிள்ளையளின்ரை இங்கிலீசுக்காக.’ டச்சில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய், இன்னொரு நாட்டு வகுப்பறையில் ஊமையாக இருத்தினார்கள். அவர்கள் போனதற்குக் கோயில், கடை, சொந்தபந்தம் என்று வேறு காரணங்களும் இருந்தன. அவற்றைச் சொல்லியிருந்தால் நான் மதித்திருப்பேன்.

இங்கிலாந்து 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதோடு அந்தக் கதவு இறுகிவிட்டது. ஆகவே இப்போது ஆங்கிலம் இருக்கிற இடமாகப் பார்த்துப் பிள்ளையை விடுகிறார்கள். பல்கேரியாவிலும் ருமேனியாவிலும் போலந்திலும் காசு கட்டி ஆங்கிலத்தில் மருத்துவம் படிக்கலாம் என்பதால், சீட்டுக் கட்டி, வங்கியில் கடன் எடுத்து, அங்கே அனுப்புகிறார்கள். அங்கே படித்து நல்ல வைத்தியராக வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. வைத்தியராக விரும்பாத பிள்ளையையும் அனுப்புவதைத்தான் சொல்கிறேன். இந்தப் பிள்ளைக்கும் அந்த ஆலோசனை வந்திருக்கிறது. மாஸ்ட்ரிக்ட்டில் 2025-26 கல்வியாண்டுக்கான சட்டபூர்வக் கட்டணம் 2,601 யூரோ. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். அதை விட்டுவிட்டுப் பல மடங்கு காசு கொடுத்து விருப்பமில்லாத ஒன்றைத் தூரதேசத்தில் வாங்கச் சொல்கிறார்கள். வாங்குவது பெயருக்கு முன்னால் போடுகிற இரண்டு எழுத்தை.

இந்த நோய் எங்கிருந்து வந்தது? ஊரில் ஓ.எல். பெறுபேறு வந்த அன்றைக்குப் பின்னேரமே வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? ‘மற்ஸா, பயோவா?’ பதினாறு வயது. மற்ஸ் என்றால் எஞ்சினியர், பயோ என்றால் டொக்டர். மற்ஸ் எடுத்தவனுக்கு அன்றோடு செடியும் விலங்கும் செத்துப்போகும். பயோ எடுத்தவளுக்கு அன்றோடு வகையீடும் தொகையீடும் செத்துப்போகும். இரண்டிலும் தவறியவர்களுக்கு மிச்சமிருந்த விஞ்ஞான பீடம் ஆறுதல் பரிசு.

தரப்படுத்தலைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. 1971இல் மருத்துவ பீடத்துக்குப் போகத் தமிழ் மாணவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்கள மாணவருக்கு 229. இந்த இரண்டு எண்களையும் எங்கள் வீடுகளில் தேவாரம்போலச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த அநியாயத்திலிருந்துதான் ஒரு தலைமுறை தெருவுக்கு இறங்கியது, அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அநியாயம் உண்மை. ஆனால் அந்த அநியாயம் எங்களுடைய ஆசைக்கும் ஒரு வடிவம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. எதை எங்களிடமிருந்து பறித்தார்களோ அது மட்டும்தான் கல்வி என்று நம்பத் தொடங்கினோம். பறிக்கப்பட்டவை மருத்துவ, பொறியியல் இடங்கள். ஆகவே ஐம்பது வருடத்துக்குப் பிறகு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால், வெட்டுப்புள்ளியே இல்லாத ஒரு மண்டபத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் விருப்பத்தை இன்னமும் அதே தராசில் போட்டு நிறுக்கிறோம்.

சரி, அந்தப் பிள்ளை ஏன் இதை எடுத்தாள்? மண்டபத்தில் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

2015இல், எட்டு வயதில், தாய் தகப்பனோடு முதன்முதலாக ஊருக்குப் போயிருக்கிறாள். அம்மம்மா வீடு சுன்னாகப் பக்கம். நெதர்லாந்தில் குளியலறைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு, கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கலாம் என்பதுதான் அந்தப் பயணத்தின் ஒரே கனவு. குளிக்க விடவில்லை. அந்த வருடங்களில் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தது, செய்திகளில் வாசித்திருப்பீர்கள். அம்மம்மா வாளியில் அள்ளிக் காட்டியிருக்கிறா. தண்ணீருக்கு மேல் வானவில் மாதிரி நிறம் ஓடியதாம். ‘இது எப்பிடி வந்தது, எப்ப போகும்?’ என்று கேட்டிருக்கிறாள். பெரியவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பத்து வருடமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது பெரியவரிடம் கேட்கிறேன். கிணற்றுத் தண்ணீர் மற்ஸா, பயோவா?

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதக்கிறது. நாங்கள் குடிப்பது அந்த வில்லையை. நன்னீர் உவர்நீரைவிடக் கொஞ்சம் பாரம் குறைந்தது, அதனால் மிதக்கிறது. இது பௌதிகம். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்து முடித்தால் கீழேயிருந்து நாற்பது அடி உப்பு ஏறும் என்பது அதே கணக்கின் மறுபக்கம். இந்தக் கணக்கை முதலில் எழுதியவர்களில் ஒருவர் படோன் கெய்பென் என்ற டச்சு இராணுவப் பொறியியலாளர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஏனென்றால் அம்ஸ்ரடாம் நகரமும் 1853இலிருந்து கடற்கரை மணற்குன்றுகளுக்குள் இதேபோல மிதந்த மழைத்தண்ணீரைத்தான் குடித்தது. ஒல்லாந்தர் 1658இலிருந்து 1795 வரை எங்களை ஆண்டு கோட்டையும் தோம்பும் விட்டுப்போனார்கள் என்று படித்தோம். அவர்களுடைய தண்ணீரும் எங்களுடைய தண்ணீரும் ஒரே விதியில் நிற்கிறது என்று ஒருவரும் படிப்பிக்கவில்லை.

சுண்ணாம்புக் கல் எப்படிக் கரைந்து குகையும் வெடிப்புமாகிறது என்பது இரசாயனம். ஓரிடத்தில் ஊற்றிய எண்ணெய் அந்த வெடிப்புகளுக்குள்ளால் எந்தத் திசையில் எவ்வளவு கெதியாகப் போகும் என்பது கணிதமும் புவியியலும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்கி, பாலில் கரைத்துக் கொடுத்த கைக்குழந்தையின் இரத்தத்தை என்ன செய்கிறது என்பது மருத்துவமும் உயிர்இரசாயனமும். எண்ணெயைத் தின்கிற பக்ரீரியா உண்டு, அது அங்கே வாழுமா என்பது நுண்ணுயிரியல். இந்தக் கேள்விக்கு எந்த பீடத்தின் கதவைத் தட்டுவது? ஒரு டொக்டரிடம் கொண்டுபோனால் அவர் குழந்தையைப் பார்ப்பார். ஓர் எஞ்சினியர் குழாய் போடுவார். இரண்டு பேரும் வேண்டும். ஆனால் கிணற்றைக் கிணறாகப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் கொஞ்சம் கூழாகத்தான் இருப்பார்.

எங்கள் மேசைக்காரர்களுக்கு ஓர் உதாரணம். சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தபோது ‘தமிழன்’ என்று நெஞ்சை நிமிர்த்தினோம். அவர் பரோடாவில் பௌதிகம் படித்தார், ஒகையோவில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தார், அதற்குப் பிறகு சன்டியேகோவில் திரும்பவும் மாணவனாக உட்கார்ந்து உயிரியல் படித்தார். பரிசு கிடைத்தது இரசாயனத்தில். இவர் எங்கள் மண்டபத்தில் இருபத்தைந்து வயதில் வந்து ‘பௌதிகத்தில் பட்டம் எடுத்திட்டன், இனி முதலிலிருந்து உயிரியல் படிக்கப்போறன்’ என்று சொல்லியிருந்தால் பெண் கொடுத்திருப்போமா?

என்னிடம் திருப்பிக் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும். மண்டபத்திலேயே கேட்டார்கள். ‘தம்பி, நீர் படிச்சு முடிச்சனீரோ?’ இல்லை. ஊரில் விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் முடிய வெளிக்கிட்டவன். வெளிக்கிட்ட காரணம் 2012இன் கடைசியோடு சேர்ந்தது, அது இங்கே வேண்டாம். ஆனால் முடிக்காதவன் என்பதால்தான் எனக்கு ஆங்கிலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தகுதி இருக்கிறது.

ஏ.எல். வரை நான் பௌதிகத்தைத் தமிழில் படித்தேன். உந்தம், சடத்துவம், ஆர்முடுகல், அமர்முடுகல். இந்தியத் தமிழருக்குக்கூட இந்தச் சொற்களில் சில விளங்காது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளுக்காக இருந்து யோசித்து ஆக்கிய மனிதர்களின் உழைப்பு அது. ‘முடுகுதல்’ என்ற பழைய சொல்லிலிருந்து ஆர்முடுகலை எடுத்த அந்த முகம்தெரியாத ஆளுக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல்நாள் எல்லாம் ஆங்கிலம். விரிவுரையாளரும் தமிழர், கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் தமிழர். நேற்றுவரை எனக்குத் தெரிந்திருந்த பௌதிகம் இன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது. கணக்கு விளங்கும், கேள்வி விளங்காது. முதல் அரையாண்டில் நான் படித்தது அகராதியை. கொழும்பில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர் என்று நாங்களே நம்பினோம். மருத்துவர் கிறீன் 1860களில் மானிப்பாயில் தமிழில் வைத்தியம் படிப்பித்து, ‘கெமிஸ்தம்’ என்று இரசாயன நூலும் வெளியிட்ட மண்ணில் இது நடந்தது.

இங்கே வந்தும் அதே கதைதான், மொழி மட்டும் மாறியது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வருடத்துக்குள் டச்சுச் சோதனை பாஸ்பண்ண வேண்டியிருந்தது. கடன் எடுத்துப் படித்தேன், 2017இல் பாஸ். பிறகு ஒரு கல்வி அலுவலகத்தில் போய், என்னுடைய இரண்டு வருடத்தைத் தொடர வழி உண்டா என்று கேட்டேன். டச்சில் தொடர்வதென்றால் இதைவிட இரண்டு படி மேலே அரசாங்கச் சோதனை. ஆங்கிலத்தில் தொடர்வதென்றால் ஆங்கிலத்துக்குச் சான்றிதழ். இரண்டு வருடம் ஆங்கிலத்தில் படித்த பெறுபேற்றுத்தாளை நீட்டினேன், அது போதாது என்றார்கள். அந்த அலுவலகத்தை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. 1948இலிருந்து அகதி மாணவருக்கு உதவுகிற யூ.ஏ.எஃப். என்ற நிறுவனம் இந்த நாட்டில் இருக்கிறது. நான் அங்கே போகவில்லை. ஊருக்குக் காசு அனுப்ப வேண்டியிருந்தது, குசினியில் வேலை கிடைத்தது. இப்படித்தான் ஏழு வருடம் போனது. இதை வாசிக்கிற இளம் பெடியள் யாராவது அதே நிலையில் இருந்தால், முதலில் அங்கே போங்கள்.

ஆகவே ஆங்கிலத்தின் விலை எனக்குத் தெரியும். அதனால்தான் ஆங்கிலத்தைக் கும்பிடுகிறவர்களில் எனக்குக் கோபம். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கப்போவது, அவளுடைய குழுவில் இத்தாலிக்காரியும் ஜேர்மன்காரனும் இருப்பார்கள் என்பதால், விஞ்ஞானச் சஞ்சிகைகள் ஆங்கிலத்தில் வருகின்றன என்பதால். அது ஒரு சாமான், வாளி மாதிரி. வாளியைத் தூக்கி அலுமாரியில் வைத்துப் பூப்போடுகிறவர்களுக்குத் தண்ணீர் கிடையாது.

இந்த நாட்டவர்கள் இப்போது தங்கள் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் அளவுக்கு மிஞ்சிவிட்டதா என்று சண்டைபிடிக்கிறார்கள். 2024இல் அதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமூலமும் பாராளுமன்றத்துக்கு வந்தது. எம்மவர் இதைக் கேட்டுவிட்டு ‘விசரர்’ என்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் வெளிநாட்டவர் வெறுப்பும் கலந்திருக்கிறது, அதை நான் காணாமல் இல்லை. ஆனால் விசர் அல்ல. சிமோன் ஸ்டெவின் 1586இலேயே தண்ணீரின் பாரத்தைப் பற்றி டச்சு மொழியில் நூல் எழுதினார். படித்தவர்கள் எல்லோரும் லத்தீனில் எழுதிய காலத்தில். கணிதத்துக்கு இந்த மக்கள் இன்றைக்கும் சொல்கிற ‘விஸ்குண்ட’ என்ற சொல் அவர் ஆக்கிய சொல்லிலிருந்து வந்தது. எங்கள் ஆர்முடுகல் மாதிரி. ஸ்டெவினின் பேரப்பிள்ளைகள் தங்கள் சொல்லுக்காகக் கவலைப்படுகிறார்கள். நாங்கள் எங்கள் சொல்லை விமானநிலையத்திலேயே விட்டுவிட்டு வந்து அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். என்னுடைய சமையற்காரத் தலைவர் லிம்பேர்க் மொழிதான் பேசுவார், வடக்கத்தியார் அதைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று நக்கலடிப்பார்கள். 1997இல் அது பிராந்திய மொழியாக அங்கீகரிக்கப்பட்டதை அவர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார், வெங்காயம் அரிந்துகொண்டே.

இந்தப் படிப்பில் குறை இல்லையென்று நான் சொல்லவரவில்லை. கூழ் பதம் தப்பினால் தண்ணிச்சாறுதான். பாடங்களைத் தானே தெரிவுசெய்யலாம் என்பது, பிழையாகத் தெரிவுசெய்யலாம் என்பதும்தான். பட்டம் முடிய முதுமாணிக்குப் போகும்போது ‘இவ்வளவு பௌதிகம் படித்திருக்க வேண்டும், இவ்வளவு இரசாயனம் வேண்டும்’ என்று கேட்பார்கள். கஷ்டமான கணிதத்துக்கு ஒளித்துத் திரிந்தவர் அன்றைக்குக் கதவுக்கு வெளியே நிற்பார். பட்டத்தோடு தொழில் ஒன்றும் ஒட்டிவராது. எட்டுக் கிழமையில் ஒரு பாடம் ஓடி முடிந்துவிடும், யோசிக்க நேரம் குறைவு என்று என் ஸ்பெயின்காரப் பெடியனே முறைப்படுவான். இன்னொன்று, அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? நல்ல ஆங்கிலம் வாங்கிக்கொடுக்க வசதியிருந்த வீட்டுப் பிள்ளைகள் நிறையப்பேர். இந்த நாட்டில் பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, மேல்வரிசைக்கு மட்டும் நேராகப் பல்கலைக்கழக வழியை விடுகிறார்கள். வீட்டில் டச்சு பேசாத அகதிப் பிள்ளைகள் எத்தனைபேர் கீழ்வரிசையில் விடப்பட்டார்கள் என்பதைப் பற்றி எங்கள் சங்கங்களில் முன்வரிசைக் கதிரைக்காரர்கள் ஒருநாளும் வாய்திறந்ததில்லை. அதைத் தாண்டி, பௌதிகமும் உயிரியலும் இரண்டும் எடுத்து, மேல்வரிசையில் பாஸ்பண்ணி வந்த பிள்ளையைத்தான் கூழ் என்றார்கள்.

அவளுக்கு இந்தக் குறைகள் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். கணிதத்தை விடப்போவதில்லை என்று ஒரு தாளில் மூன்று வருடத்துக்குமான பாடங்களை எழுதி வைத்திருக்கிறாள். தாளைக் காட்டியபோது ஓரிடத்தில் விரலை வைத்து, இதுக்குத் தமிழில் என்ன மாமா என்று கேட்டாள். நிலக்கீழ்நீர் என்றேன். எழுதிக்கொண்டாள்.

பெரியவருக்கு மறுப்பிருந்தால் இந்தச் சஞ்சிகைக்கே எழுதட்டும், போடுவார்கள். தகப்பனாருக்கு நான் சொல்ல இருப்பது வேறு. அண்ணை, உங்கடை பிள்ளைக்கு மெடிசின் கிடைக்காமல் போகவில்லை. அவள் கேட்கவே இல்லை. அந்தப் பொய்யை நீங்கள் ஒவ்வொரு மண்டபத்திலும் சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். செப்ரெம்பரில் வகுப்பு தொடங்குகிறது. கட்டணத்தைத் தவணைகளாகப் பிரித்துக் கட்டலாம், முதல் இரண்டு தவணைக்கும் நான் தருகிறேன், வட்டியில்லாமல். கதைக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை வாருங்கள், றெஸ்ரோறண்ட் அன்றைக்குப் பூட்டு, நான் வீட்டில்தான் இருப்பேன். ஊரிலிருந்து ஒடியல் மா வந்திருக்கிறது.